சாலைக்கும் உண்டு ஒரு ஹக்



ஏழாண்டுகள் அரபிக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, பின்னர் அஞ்சல் வழியில் வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ.யும் முடித்து, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவன், நாற்பது வயதை எட்டிய பிறகு சாலையைக் கடப்பது எப்படி என்று ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பாடம் கேட்டான் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். நகைத்துவிட்டு மேலே படியுங்கள். அந்தப் பாடத்தைக் கேட்டும் மறந்துபோன குற்றத்தைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

தங்கையின் திருமணக் கடனை அடைக்கும் பொருட்டு, 2018 ஆம் ஆண்டில் மதரஸாவில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஷார்ஜா சென்றேன். என் மூத்த சகோதரியின் கணவர் அங்கே ரோலா பகுதியில் சிறு கடை ஒன்று நடத்தி வந்தார். அவருடைய கடைக்குக் கணக்கெழுதும் வேலை எனக்கு. இரண்டாண்டுகளுக்கும் குறைவாகவே அங்கிருந்தேன். மொழியும் உணவும் வெயிலும் எனக்குப் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. என்னை மிகவும் சோதித்தது, வீட்டு வாசலில் தொடங்கும் சாலைதான்.

வலம் பார்த்தேன், இடம் வந்தது

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. எனவே, சாலையில் இறங்கும் நமக்கு மிக அருகில் வரும் வண்டி வலப்பக்கமிருந்து வருகிறது. நடக்கப் பழகிய நாள் முதல் நம் கழுத்து தானாகவே முதலில் வலப்பக்கம் திரும்புகிறது. வளைகுடா நாடுகளிலோ வண்டிகள் வலப்பக்கமாகச் செல்கின்றன. அருகில் வரும் ஆபத்து அங்கே இடப்பக்கமிருந்து வருகிறது. அறிவுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கழுத்துக்கு விளங்கத்தான் மாதங்கள் ஆகின்றன.

ஒரு நாடே இப்படிப் பக்கம் மாறியதுண்டு. 1967 செப்டம்பர் 3 ஆம் நாள் சுவீடன் நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறியது. 2009 செப்டம்பர் 7 ஆம் நாள், பசிபிக் தீவு நாடான சமோவா, ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவாக வண்டிகளை இறக்குமதி செய்ய வசதியாக, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்கு மாறியது. அந்த மக்களுக்கு முன்னறிவிப்பும் பயிற்சியும் இருந்தன. விமானத்தில் நான்கு மணி நேரம் பறந்து இறங்கிய எனக்கோ, என் மச்சான் சொன்ன "பார்த்துப் போங்க" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன.

நான் சென்ற இரண்டாம் வாரம் அது. அஸர் நேரம். கடையிலிருந்து புறப்படச் சிறிது தாமதமாகிவிட்டது. சாலையின் எதிர்ப்புறப் பள்ளிவாசலில் இகாமத் ஒலிக்கத் தொடங்கியது. நடைக்குறியீட்டு விளக்கு இருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டுமாயின் நூறு கஜம் நடக்க வேண்டும். ஜமாஅத் தவறிவிடுமே என்ற தவிப்பில், நின்ற இடத்திலேயே வலப்பக்கம் பார்த்தேன். வண்டி எதுவும் இல்லை. இறங்கி ஓடினேன். இடப்பக்கமிருந்து ஒரு வாடகைக் கார், சக்கரங்கள் அலற, என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

அதை ஓட்டி வந்தவர் நரைத்த தாடியுடைய ஒரு பட்டாணியர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வசை பொழிவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு உருதுவில் மெல்லச் சொன்னார்: "மௌலவி சாஹிப், அல்லாஹ்விடம் போக உங்களுக்கு அவசரமிருந்தால் போங்கள். என்னையும் ஏன் சேர்த்து இழுக்கிறீர்கள்? ஊரில் எனக்கு மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள்."

அவ்வளவுதான் சொன்னார். சென்றுவிட்டார். அன்று ஜமாஅத்தில் கடைசி ரக்அத் கிடைத்தது. மனம்தான் தொழுகையில் நிற்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் பறித்துவிட்டவர் மீது சுமத்தப்படும் கடமைகளை எத்தனை முறை நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்! இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்தாலன்றி தியத் எனும் இழப்பீடு. விடுதலை செய்ய அடிமை இல்லாதவர் இடைவிடாது இரண்டு மாதங்கள் நோற்க வேண்டிய நோன்பு. அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆம் வசனம் கற்பிக்கும் சட்டம் இது. அந்த நாட்டில் தியத் தொகை இரண்டு லட்சம் திர்ஹம். பிழை முழுவதும் என்னுடையதாக இருந்தால் அவர் மீது எவ்வளவு கடமை என்பதில் சட்ட அறிஞர்களிடையே பேச்சு உண்டுதான். ஆனால், விசாரணையையும் வேலையிழப்பையும், ஓர் உயிர் தன் வண்டியின் அடியில் போயிற்றே என்ற வாழ்நாள் வேதனையையும் எந்தச் சட்ட அறிஞர் அவரிடமிருந்து நீக்க முடியும்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்து வெட்கப்பட வைத்தது. தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டால் ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பதல்லவா நம் அருமை நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி? தொழுகைக்காக ஓடுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, அந்தத் தொழுகையைக் கற்றுத் தந்தவர்களின் சொல்லையே மீறி ஓடியிருக்கிறேன்.

மருமகன் நடத்திய பாடம்

ராத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் மறுவாரம் அவள் மகனைப் பள்ளிக்கூட வண்டி நிற்கும் இடத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. என் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

முதல் நாள். நடைக்குறியீட்டு விளக்கில் சிவப்பு மனிதன் நின்றிருந்தான். சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி இல்லை. நான் காலை எடுத்து வைத்தேன். பிள்ளை அசையவில்லை. என் விரலைப் பின்னால் இழுத்தான்.

"மாமா, பச்சை மனுஷன் வரட்டும்."

"வண்டிதான் இல்லையே வாப்பா?"

"வண்டி இல்லேன்னாலும் நிக்கணும். மிஸ் சொன்னாங்க."

நின்றோம். பச்சை மனிதன் வந்த பிறகும் அவன் உடனே இறங்கவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், மீண்டும் இடப்பக்கம் என்று பார்த்துவிட்டு என்னை அழைத்துச் சென்றான். அன்று முதல் ஒவ்வொரு நாளும் மாமனுக்குப் பாடம் நடந்தது. மூன்று மாதங்களில் என் கழுத்து திருந்தியது.

அவனிடம் மற்றொன்றும் கற்றேன். மச்சானின் காரில் பின்னிருக்கையில் ஏறியதும் அவன் முதலில் இடுப்பு வாரைத் தேடுவான். 2017 முதல் அந்நாட்டில் பின்னிருக்கையில் இருப்போரும் வார் அணிவது கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்னிருக்கையில் அமர்த்தக் கூடாது. நம் ஊரில் ஒரு வயதுக் குழந்தையை ஓட்டுபவரின் மடியில் வைத்து அழகு பார்ப்பது என் நினைவுக்கு வந்தது.

ஒலிப்பானும் ஓட்டுநர் தேர்வும்

கடைச் சரக்கை எடுத்துச் செல்ல உதவும் என்று மச்சான் என்னை ஓட்டுநர் உரிமம் எடுக்கச் சொன்னார். நம் நாட்டு உரிமத்தைக் காட்டி அங்கே உரிமம் வாங்க இயலாது. வகுப்பு, எழுத்துத் தேர்வு, திடல் தேர்வு, சாலைத் தேர்வு என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலைத் தேர்வு நாளன்று வண்டியை நன்றாகவே ஓட்டினேன். வரிக்கோடு போட்ட நடைகடவை ஒன்றை நெருங்கும்போது ஒருவர் சாலையில் இறங்க முற்பட்டார். நம் ஊர் வழக்கப்படி, நான் வருகிறேன், நில்லுங்கள் என்று அவருக்கு உணர்த்த ஒலிப்பானை ஒருமுறை அழுத்தினேன். அருகிலிருந்த தேர்வு அதிகாரி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். தோல்வி.

எனக்குப் புரியவில்லை. நான் எச்சரித்தேனே, அது குற்றமா? பயிற்சியாளர் விளக்கினார். நடைகடவையில் கால் வைத்தவருக்கே முதல் உரிமை. அவருக்கு வழிவிடாத ஓட்டுநருக்கு 500 திர்ஹம் அபராதமும் ஆறு கரும்புள்ளிகளும் உண்டு. ஓராண்டில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். ஒலிப்பான் ஆபத்தைத் தவிர்க்க மட்டுமே. "நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் அவரை நிற்கச் சொன்னீர்கள்" என்றார் அவர்.

வட்டச் சந்திப்புகளிலும் இதே பாடம்தான். வட்டத்திற்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு உரிமை. உள்ளே நுழைபவர் காத்திருக்க வேண்டும். யார் பெரியவர், யாருடைய வண்டி பெரியது என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. நம் ஊரிலோ பேருந்துக்குக் காரும், காருக்கு மோட்டார் சைக்கிளும், மோட்டார் சைக்கிளுக்கு நடப்பவரும் ஒதுங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் யார்? கைத்தடி ஊன்றிப் பள்ளிவாசலுக்கு வரும் நம் பெரியவர்களும், புத்தகப் பையைச் சுமக்கும் நம் பிள்ளைகளும்தானே?

அங்கும் குறை உண்டு

வெளிநாடென்றால் எல்லாம் பொன் என்று எழுதுவது என் நோக்கமன்று. நெடுஞ்சாலையில் முன்னே செல்பவரின் முதுகை ஒட்டிக்கொண்டு முகப்பு விளக்கை மின்னி மின்னி விரட்டுவோரை அங்கே கண்டேன். வெள்ளிக்கிழமைகளிலும் தராவீஹ் இரவுகளிலும் பள்ளிவாசலைச் சுற்றி, முறையாக நிறுத்திய வண்டிகள் வெளியேற முடியாதபடி குறுக்கே நிறுத்திவிட்டுத் தொழச் செல்வோரைக் கண்டேன். ரமளானில் மக்ரிபுக்கு முன், நோன்பு திறக்க வீடு சேரும் அவசரத்தில் வண்டிகள் பறக்கும். அதைத் தணிக்கவே காவல்துறையினரும் தொண்டர்களும் சாலைச் சந்திப்புகளில் நின்று ஓட்டுநர்களுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் அடங்கிய பொட்டலங்களைக் கொடுப்பார்கள். அபராதத்தால் ஆகாததைச் சில பேரீச்சம்பழங்கள் செய்யும் அழகைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

உரிய இடமல்லாத இடத்தில் சாலையைக் கடப்பவருக்கு நான் இருந்த காலத்தில் 400 திர்ஹம் அபராதம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலோ, 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலைகளில் அவ்வாறு கடப்பதற்குச் சிறைத் தண்டனை வரை இடமிருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பின்

2020 தொடக்கத்தில் கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்பினேன். மீண்டும் மதரஸாவில் சேர்ந்தேன். திருந்திய கழுத்து இப்போது தொல்லை கொடுத்தது. முதலில் இடப்பக்கம் பார்த்து இறங்கி, வலப்பக்கமிருந்து வந்த நகரப் பேருந்தில் அடிபடாமல் ஒருமுறை தப்பினேன். நடைகடவையில் நின்று வண்டிகள் நிற்குமென்று காத்திருந்தேன். எதுவும் நிற்கவில்லை. தேநீர்க் கடையில் இருந்தோர் சிரித்தார்கள்.

ஒரு மாதம் சென்றது. நானும் பழையபடி ஆனேன். தலைக்கவசம் வீட்டு அலமாரியின் மேல் ஏறியது. என் சிறு வண்டியில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள் என்று மதரஸாவுக்குச் சென்றேன். ஒலிப்பான் மீண்டும் பேசத் தொடங்கியது.

ஷார்ஜாவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் நின்ற கால், இங்கே ஏன் நிற்கவில்லை? அங்கே கண்காணிப்புக் கருவி இருந்தது. 400 திர்ஹம் இருந்தது. பிள்ளைகளுக்குத் தக்வா என்பதற்கு என்ன விளக்கம் சொல்லிக் கொடுத்தேன்? யாரும் காணாத இடத்திலும் அல்லாஹ் காண்கிறான் என்ற அச்சம் என்றல்லவா? அப்படியானால் அந்த இரண்டாண்டுகள் நான் அஞ்சியது யாருக்கு? இந்தக் கேள்வியை அன்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன் என்றால் பொய்யாகும். வேறொருவர் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு தாயின் கேள்வி

எங்கள் ஊரை ஊடறுத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. மதரஸா அதன் மேற்கே. பிள்ளைகளின் வீடுகள் பெரும்பாலும் கிழக்கே. 2022 ஆம் ஆண்டில் ஒரு மாலை. பாடம் முடிந்து மணி அடித்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் கூண்டு திறந்த புறாக்களாக ஓடினார்கள். ஒன்பது வயது மாணவன் ஒருவன் சாலையின் நடுவே சென்றபோது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதித் தூக்கி எறிந்தது. தொடை எலும்பு முறிந்தது. அல்லாஹ் உயிரைக் காத்தான். ஆனால், இன்றும் அவன் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான்.

மோதியவன் யார்? அவனும் என் மாணவன். பதினைந்து வயது. அவன் தந்தை குவைத்தில் பாடுபட்டு அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி அது.

இதில் என் பங்கு என்ன என்று கேளுங்கள். அந்தச் சிறுவன் அந்த வண்டியில் பறப்பதை ஆறு மாதங்களாகப் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஸலாம் சொல்வான். நானும் பதில் ஸலாம் சொல்லிவிட்டுச் செல்வேன். ஒருநாள் நிக்காஹ் மஜ்லிஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவன் பின்னால் ஏறி அமர்ந்து சென்றும் இருக்கிறேன்.

சாலையோரம் அமர்பவர்கள் சாலைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவை அந்த ஹக் என்று விளக்கினார்கள். இவற்றில் ஸலாமுக்குப் பதில் கூறுவதை மட்டும் நான் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறேன். தடுக்க வேண்டியதைத் தடுக்காமல் அதன் மேலேயே ஏறிச் சவாரி செய்திருக்கிறேன்.

அடிபட்ட பிள்ளையைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றேன். அவன் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஹஜ்ரத், ஷார்ஜாவிலே ரோடு கடக்கக் கத்துக்கிட்டதைப் பயான்லே சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வச்சீங்களே. அதைப் பிள்ளைங்களுக்கு ஏன் ஹஜ்ரத் சொல்லிக் கொடுக்கலே?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற ஹதீஸை அந்தப் பிள்ளைக்கு மனனம் செய்ய வைத்தவன் நான். ஒரு முள்ளை எடுத்துப் போடுவது என்று பொருள் சொன்னேன். நம் காலத்துப் பாதையில் கிடக்கும் முள் எது என்று சொல்லவில்லை.

நாம் செய்யத் தக்கது

2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எண்ணிக்கையைப் படித்து மறந்துவிடுகிறோம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் அப்படி ஒரு தாய் இருக்கிறாள்.

இப்போது எங்கள் மதரஸாவில் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் சாலைப் பாடம் நடக்கிறது. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஆசிரியர் ஒருவர் சிவப்புத் துணி கட்டிய கம்புடன் சாலையில் இறங்கி நின்ற பிறகே வரிசை நகரும். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக நடக்கப் பழக்குகிறோம். ஜமாஅத் மூலம் நெடுஞ்சாலைத் துறைக்கு மனுக் கொடுத்தோம். ஓராண்டு கழித்து வேகத்தடை வந்தது. தலைக்கவசம் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது.

வெளிநாட்டில் உழைக்கும் தந்தையரே! பிரிந்திருக்கும் ஏக்கத்தை ஈடு செய்ய மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கத் துடிக்கும் உங்கள் மனம் எனக்குத் தெரியும். ஆனால், 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. குவைத்திலிருந்து அந்தத் தந்தை தொலைபேசியில் என்னிடம், "ஹஜ்ரத், அவன் ஓட்டலே. நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லி அழுதார். நீங்கள் அப்படி அழ வேண்டாம்.

தாய்மார்களே! மகனின் கையில் சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பாதீர்கள். இமாம்களே, ஆசிரியர்களே! ஜும்ஆவின் போது பள்ளிவாசல் வாசலை வண்டிகளால் அடைப்பதும் பிறருக்குத் தரும் துன்பமே என்று மிம்பரில் சொல்லுங்கள். விபத்தைக் கண்டால் வழக்கு வருமோ என்று ஒதுங்காதீர்கள். நல்லெண்ணத்துடன் உதவுவோரை அதே 2019 திருத்தம் பாதுகாக்கிறது. நம் மாநிலத்தில் விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டாணியரின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பெண்மக்களுக்குத் திருமணம் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாலையும் சிவப்புத் துணிக் கம்புடன் சாலையில் நிற்கும்போது அவருக்காகவும் துஆச் செய்கிறேன். வரிசையில் கடைசியாக, ஒரு காலை இழுத்தபடி அந்த மாணவன் வருவான். அவன் அக்கரை சேரும்வரை கம்பைத் தாழ்த்துவதில்லை.

நம் பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்படும்போது எப்படிச் செல்கிறார்களோ அப்படியே வீடு திரும்ப வல்ல இறைவன் அருள்வானாக! நம்மால் பிறர் பிள்ளைகளுக்கு எத்துன்பமும் நேராமல் நம்மைக் காப்பானாக! ஆமீன்.